தனக்கா ஒட்டாத மூக்கு

அக்காவுக்கு மூக்கு செய்ய என் மூக்கைக் கேட்டார்கள். வெட்டி எடுக்க அல்ல, படம் பிடிக்கத்தான். ஆனாலும் எனக்கு ஒரே கூச்சம். அந்நியர்கள் என் முகத்தை நேராகப் பார்த்தாலே தலை குனிந்துகொள்கிறவள் நான். ஒரு கருவி மூக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கப்போகிறது என்றால் எப்படி இருக்கும்?

மாண்டலேயில் ஆஸ்பத்திரியின் பின்புறம், பல்செட் கட்டும் அறைக்கு அடுத்த அறை அது. மா கே தீ அங்கேதான் வேலை செய்தார், டீச்சரம்மா என்கிற மரியாதையில் எங்களுக்குச் சயாமா. ஓவியப் பள்ளியில் படித்தவர், அப்புறம் பல் கட்டும் தொழிலும் கற்றுக்கொண்டவர். நோயிலோ விபத்திலோ முகத்தில் ஒரு துண்டை இழந்தவர்களுக்குக் காது, மூக்கு, கண்குழி என்று சிலிகானில் செய்து கொடுப்பார். மேசையின் ஒரு பாதியில் கம்ப்யூட்டர், மறு பாதியில் தூரிகைகள். மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இயந்திரம் யாருடைய காதையோ படலம் படலமாக அடுக்கிக்கொண்டிருந்தது. ஒரு முழுக் காது வருவதற்குள் நாங்கள் கொண்டுபோன சோறு ஆறிப்போனது.

"மூச்ச விடு பொண்ணே. இது ஊசி இல்ல, வெறும் வெளிச்சம்" என்றார் சயாமா, இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றைக் கையில் பிடித்தபடி. "அக்காவோட பழைய படம் எல்லாத்தையும் பாத்துட்டேன். எதுலயும் மூக்கு உருப்படியா இல்ல. எல்லாத்துலயும் தனக்காப் பூச்ச அப்பிக்கிட்டு நிக்கிறாங்க. உன் மூக்குதான் கதி."

"அவ மூக்கேவா சயாமா?" அக்கா முகமூடித் துணிக்குள்ளிருந்து கேட்டாள். அறுவை செய்த பிறகு அவள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். "கொஞ்சம் சப்ப மூக்கு. ஏதோ என்னோடதுதான் இவளுக்கும் வாச்சிருக்கு, அது வேற விஷயம். இப்பதான் வாய்ப்பு கெடச்சிருக்கே, லேசா தூக்கி விடுங்களேன், சினிமாக்காரி மாதிரி."

"தூக்கி விடலாம். அப்புறம் உங்க பையன் உங்கள சினிமா போஸ்டர்லதான் தேடணும்."

அக்கா சிரித்தாள். சிரித்ததும் துணி நடுவில் உள்ளே அமுங்கியது. அந்தத் துணிக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வரும்.

படம் திரையில் வந்தது. கண் இல்லாத, நிறம் இல்லாத, சாம்பல் பூத்த என் முகம். சயாமா அதிலிருந்து மூக்கை மட்டும் நறுக்கி எடுத்து அக்காவின் முகத்தில் கொண்டுபோய் வைத்தார். பிறகு அதைச் சேமிக்கும்போது அக்காவின் பெயரைத் தட்டினார், யின் மார் என்று. என் மூக்கு அக்கா பேரில் பதிவானது.

அக்காவுக்கு மூக்கு வேண்டியிருந்தது அழகுக்காக அல்ல. பியேவுக்காக.

பியே அவள் பையன். ஆறு வயது. மூக்கில் வந்த கட்டியை எடுத்துவிட்டு வீடு திரும்பிய புதிதில், அக்கா கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். முகத்தின் நடுவில் இருந்த பள்ளத்தைப் பார்த்தான். அலறவில்லை. பின்பக்கமாகவே நடந்து போய் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து என்னிடம்தான் படுக்கை, என் கையால்தான் சாப்பாடு. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அக்காவையும் அவனையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, பள்ளிக்கூடத்தை விட்டேன்.

கொஞ்ச நாளில் அவனாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். அம்மா மாண்டலே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வீட்டில் துணி கட்டிக்கொண்டு இருப்பது வேறு யாரோ ஒரு பெரியம்மா. நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கவில்லை. "எங்கம்மா மூஞ்சி மஞ்சளா இருக்கும்" என்பான்.

அது உண்மைதான். எங்கள் ஊர் அயாடோவின் பகோடா வாசலில் தனக்காக் கட்டை விற்பதுதான் அக்காவுக்குப் பிழைப்பு. கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம்போல் உரைத்து, கன்னங்களில் இரண்டு வட்டம், நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு பட்டை. விடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டுதான் படியிறங்குவாள். அவள் முகம்தான் கடைக்குப் பலகை. வருகிறவர்கள் கட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கன்னத்தைத்தான் பார்ப்பார்கள்.

அவளுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை உதட்டால் கொஞ்சுவதில்லை. கன்னத்தில் மூக்கை வைத்து அழுத்தி, மூச்சை இழுத்து முகர்வோம். அதுதான் முத்தம்.

"முத்தம் குடுக்கிற சாமானையே எடுத்துட்டாங்களேடி" என்று ஒரு நாள் துணி அலசிக்கொண்டே சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். பிறகு அதே துணியை வெகுநேரம் அலசிக்கொண்டிருந்தாள். சோப்பு எப்போதோ போயிருந்தது.

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, இனி வெட்டுவதற்கில்லை என்று மழைக்காலம் முடிந்ததும் டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. பியேவுக்கு இந்தக் கோடையிலேயே ஷின்பியூ செய்துவிட வேண்டும் என்றாள். பையன்கள் எல்லாரும் ஒரு தடவையாவது தலை மழித்து, பிட்சுக்களின் காவிச் சீவரம் உடுத்தி மடத்தில் இருந்துவிட்டு வரவேண்டும். பியேவுக்கு இன்னும் நாலு வருஷம் போனாலும் தாமதமில்லைதான். ஆனால் அக்காவுக்கு நாலு வருஷம் கிடையாது.

தலை மழிக்கும்போது விழுகிற முடியை வெள்ளைத் துணியில் ஏந்துவது தாயின் உரிமை. அவன் சீவரம் உடுத்திவிட்டால் பெற்றவளானாலும் பெண் தொடக்கூடாது, கும்பிடத்தான் வேண்டும். மழித்து முடித்ததற்கும் உடுத்துவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதைத்தான் அக்கா கேட்டாள்.

"அவன் உச்சந்தலைல மூக்க வச்சு ஒரே ஒரு தடவ முகந்துட்டாப் போதும் சயாமா. மூக்கு பிளாஸ்டிக்கா இருந்தா என்ன, ரப்பரா இருந்தா என்ன."

"சிலிகான்" என்றார் சயாமா. "கேவலப்படுத்தாதீங்க."

மெழுகில் முதல் மூக்கு வந்தது. அதை அக்காவின் முகத்தில் வைத்துப் பார்த்து, ஓரத்தைச் சீவிச் சீவிக் குறைத்தார். பிறகு அதை வைத்து அச்சு எடுத்து, நிறம் சேர்த்த சிலிகானை அதில் ஊற்றினார். நிறம் சேர்ப்பதுதான் பெரிய வேலை. சிவப்பு நூலை மாவுபோல் நறுக்கிக் கலந்தார், தோலுக்கடியில் ஓடும் நரம்புக்கு. ஒரு துளி நீலம், ஒரு துளி காவி. கலவையை அக்காவின் கன்னத்தருகே பிடித்துப் பார்ப்பார், ஜன்னலுக்குக் கூட்டிப்போய்ப் பார்ப்பார், திருப்தியில்லாமல் மறுபடி கலக்குவார்.

"மூஞ்சிய நல்லாக் கழுவிட்டு வாங்க. ஒரு பொட்டு தனக்கா இருக்கக்கூடாது. எனக்குத் தோல் வேணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் அக்கா கழுவிக்கொண்டுதான் போயிருப்பாள். டாக்டர் முன்னால் பூச்சோடு போய் நிற்பது மரியாதை இல்லை என்பது எங்கள் வழக்கம். பஸ் நிலையக் குழாயடியில் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். தனக்காவுக்கு அடியில் வெயிலே படாமல் இருந்த வெளிர்த் தோல் அது. சயாமா அதைத்தான் பார்த்தார், அதைத்தான் செய்தார். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூட வேறு நினைப்பு வரவில்லை.

மூக்கை ஒட்டிக் கண்ணாடியைக் கொடுத்தபோது அக்கா அதைக் கிட்டத்தில் வைத்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"யாரோ எனக்குத் தெரிஞ்ச பொம்பள மாதிரி இருக்கு" என்றாள்.

சயாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். நானும்தான்.

ஷின்பியூ அன்று காலையில் கல்லில் தனக்கா உரைத்தேன். விழாவுக்கென்றே அக்கா எடுத்து வைத்திருந்த பழைய கட்டை. வீடெல்லாம் மணந்தது. கன்னத்தில் வட்டம் போட்டேன். நெற்றியிலிருந்து பட்டையை இழுத்துக்கொண்டு வந்தேன். மூக்குக்கு வந்ததும் அது நிற்கவில்லை. சேம்பு இலையில் தண்ணீர்போல் உருண்டு ஒதுங்கியது. கெட்டியாகக் குழைத்து அப்பினேன். நின்றது.

"நிக்குதா?"

"நிக்குதுக்கா."

பியே ஏற்கெனவே குதிரைமேல் இருந்தான். ஜரிகை உடுப்பு, காகிதக் கிரீடம், தலைக்குமேல் தங்கக் குடை. அத்தான் கோ நியோ சீன எல்லைக்கு லாரி ஓட்டுகிறவர். விழாவுக்கென்று வந்திருந்தவர், திருவோடு ஏந்தி முன்னால் நடந்தார். அக்கா சீவரத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நடந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு முகமூடி இல்லாமல் தெருவில் வந்தாள். மேளத்துக்கு நடுவிலும் அவள் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது.

பாதி வழியில் வெயில் ஏறியது. கன்னத்துத் தனக்கா காய்ந்து அழகாகப் பிடித்துக்கொண்டது. மூக்கின்மேல் இருந்தது மட்டும் காய்ந்து வெடித்தது. வெடித்துச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. மடத்து வாசலை அடைந்தபோது, மஞ்சள் முகத்துக்கு நடுவில் மூக்கு மட்டும் வெளுப்பாக, பூச்சு அங்கங்கே திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு துருத்தி நின்றது.

"யின் மார் மூக்குல என்னடி சுண்ணாம்பு உரியுது?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வாடக வீடு போலருக்கு. வெள்ளையடிக்க ஆளில்ல" என்றது இன்னொன்று. யாரோ சிரித்து, யாரோ அடக்கினார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "போன எடு." நான் எடுக்கத் தயங்கினேன். அவளே பிடுங்கி அதில் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சீவரத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, மடத்துத் தண்ணீர்ப் பானைகள் இருக்கும் பக்கம் போனாள். மூக்கை மட்டும் பதனமாக ஒற்றித் துடைத்துவிட்டு, கன்னத்தையும் நெற்றியையும் தேய்த்துக் கழுவினாள். தோள் துண்டால் ஒற்றிக்கொண்டு திரும்பினாள்.

திரும்பியபோது அந்தப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சயாமாவின் வேலை அப்போதுதான் தெரிந்தது. தோல் எங்கே முடிகிறது, சிலிகான் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஈரம்கூட இரண்டிலும் ஒன்றுபோல மின்னியது. "அடேயப்பா, ஒட்டினதுன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டேன்" என்றாள் சுண்ணாம்பு என்று சொன்ன அதே பெண். நாங்கள் மாண்டலேக்கு அலைந்து அலைந்து வாங்கிய முகம் அது. குறையே இல்லாத முகம்.

பியேவை மரத்தடியில் உட்கார வைத்தார்கள். வெள்ளைத் துணியின் ஒரு முனையை அக்கா பிடித்தாள், மறு முனையை நான். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தார். பியே நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். என் விரல்கள் துணியை இறுக்கிக்கொண்டன. இப்போது பின்பக்கமாக நடப்பான், இப்போது ஒளிய ஒரு பானையைத் தேடுவான் என்று நினைத்தேன்.

அவன் பயப்படவே இல்லை.

"உங்க மூக்கு எங்க சித்தி மூக்கு மாதிரியே இருக்கு" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அக்காவிடம் வந்தான். "எங்கம்மா வரலையா?"

நான் வாயைத் திறந்தேன். துணி என் கையில் சுண்டி இழுபட்டது. அக்காதான்.

"வருவாங்க" என்றாள். "நீ தலையக் குனி."

அவன் குனிந்தான். கத்தி ஓடியது. கறுப்பு முடி கொத்துக் கொத்தாகத் துணியில் விழுந்தது. ஒரு முடிகூட மண்ணில் விழவிடாமல் அக்கா துணியை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

மழித்து முடிந்து தண்ணீர் ஊற்றியதும், அவள் முன்னால் சாய்ந்து அவன் உச்சியில் மூக்கை வைத்தாள். மூச்சை இழுத்தாள். நிறுத்தி, இன்னொரு முறை இழுத்தாள்.

"கூசுது" என்று பியே நெளிந்தான். "ஜில்லுன்னு இருக்கு." அவ்வளவுதான். அத்தான் அவனைத் தூக்கிச் சீவரம் உடுத்தக் கொண்டுபோனார். வெளியே வந்தபோது பியே குட்டித் துறவியாக இருந்தான். அக்கா மண்ணில் மண்டியிட்டு அவனைக் கும்பிட்டாள். அவன் தலைகளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை மடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஓடிருப்பான். பாதித் தலையோட." சிரிக்கப் பார்த்தாள். மூக்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் துணி கட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "எனக்குத்தான் ஆஸ்பத்திரில கட்டிக்குக் கதிர் வச்சதுலயே வாசன போயிருச்சு. உனக்கு அவன் பக்கத்துலதான எடம்? என்ன வாசம் அடிச்சுது?"

நான் யோசித்தேன். "சோப்பு. ஈரம். கொஞ்சம் வெயில்."

"வெயிலா?"

"வெளையாடிட்டு வந்தா அடிக்குமே, அது."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

விஷயத்தைச் சயாமாவிடம் போனில் நான்தான் சொன்னேன். எனக்குப் போனில் பேச வராது. அன்று எப்படியோ பேசிவிட்டேன். நான் சொல்லி முடித்த பிறகு, "நானும்தான் தெனம் தனக்கா பூசறேன். எனக்கே தோணல பாரு. எனக்குத் தோல் வேணும்னு சொல்லித் தொலச்சேன்" என்றார். "அச்சு இருக்கு. படம் கம்ப்யூட்டர்ல இருக்கு. இன்னொண்ணு ஊத்தறேன். அவங்கள வரச்சொல்லாத, நான் வரேன்."

பெயின்ட் பெட்டியும் புது மூக்குமாக பஸ்ஸில் வந்து இறங்கினார். அக்காவுக்கு அதற்குள் எழுந்து உட்கார்வதே பாடாகிவிட்டது. கழுத்துக் கட்டி ஒரு பக்கமாகத் தலையைத் தள்ளியிருந்தது. தலையணைகளை அண்டை கொடுத்து உட்கார வைத்தேன். இந்த முறை கழுவச் சொல்லவில்லை.

"பூசு. எப்பவும் போல பூசு" என்றார் என்னிடம்.

பூசினேன். அது காயும் வரை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், ஓரத்தில் மெலிந்து தோல் தெரியும் இடத்தில் ஒரு நிறம். பூசியபின் பல் துலக்கும் பிரஷால் கோடு கோடாக இழுப்பது அக்காவின் வழக்கம். சயாமா என்னிடம் அதே பிரஷைக் கேட்டு வாங்கி, மூக்கின்மேல் சிலிகான் வண்ணத்தில் அதே கோடுகளை இழுத்தார். நுனியில் ஒரு இடத்தில் விரல் பட்டு அழிந்ததுபோல் லேசாகத் தேய்த்தும் விட்டார்.

"அது எதுக்கு?" என்றேன்.

"கடைல உக்காந்திருக்கிறவங்க மூக்கத் தொடாம இருப்பாங்களா?"

வைத்துக் கண்ணாடியைக் காட்டினார். நெற்றியில் நான் பூசிய பட்டையும் மூக்கில் அவர் வரைந்த பட்டையும் ஒரே இழுப்பில் இறங்கின. அக்கா பார்த்தாள். துணி இல்லாத அந்த முகத்தில் வாய் கோணியது.

"கட்ட வேணுமா? நல்ல கட்ட. ஒரசிப் பாருங்க" என்றாள், கடையில் கூவுவதுபோல. குரல் வெளியே வரவில்லை. ஆனால் அதே கூவல்தான். சயாமா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

பியே சீவரம் களையும் நாளில் மடத்து வாசலில் இந்த முகத்தோடு நிற்பது என்று ஏற்பாடு. அத்தான் லாரியிலேயே படுக்கை போட்டு அழைத்துப்போவதாகச் சொன்னார். "சரக்கு ஏத்தறாப்பல ஏத்தாதீங்க" என்று அக்கா சைகையில் சொன்னாள்.

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் நான் கஞ்சியோடு போனபோது அவள் இல்லை.

குளிப்பாட்டினார்கள். அவளுடைய நல்ல லுங்கியை உடுத்திவிட்டார்கள். போகிறவளுக்குத் தனக்கா பூசுவதும் உண்டு. அதை நான் செய்கிறேன் என்று சொன்னேன். கல்லில் உரைத்தேன். இரண்டு வட்டம். நெற்றியில் பட்டை. பெட்டியைத் திறந்து சயாமாவின் இரண்டாவது மூக்கை எடுத்து, பசை தடவி வைத்து, ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் மடத்துப் பெரியவர் வந்து நின்றார். பக்கத்தில் பியே, சட்டை போட்டுக்கொண்டு.

"சீவரத்தக் களைய வச்சுக் கூட்டிட்டு வந்தேன்" என்றார் பெரியவர், அத்தானிடம். "அதோட வந்தா தொட முடியாதே."

பியே படியிலேயே நின்றான். தலையில் முடி பூனை ரோமம்போல் முளைத்திருந்தது. படுத்திருந்தவளின் கன்னத்தைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான், பட்டை இறங்கி வந்த மூக்கைப் பார்த்தான்.

"சித்தி!" என்று என் பக்கம் திரும்பினான். கண் பெரிதாகியிருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது. "அம்மா வந்துட்டாங்க. ஏன் எனக்குச் சொல்லல?"

அவன் ஓடிவந்து அவள் பக்கத்தில் முழந்தாளிட்டான். கன்னத்தில் மூக்கை அழுத்தி வைத்து, மூச்சை இழுத்தான். பிறகு அந்தக் கன்னத்தில், பிறகு திரும்ப இந்தக் கன்னத்தில்.

"தூங்கறாங்களா?" என்று நிமிர்ந்து கேட்டான்.

அவன் மூக்கு நுனியில் காயாத தனக்கா ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கை நீண்டு வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.